வீட்டுத் திரையரங்கில் யமஹா என்எஸ்-10எம்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

ஒலிப்பதிவுக் கூடங்களின் படங்களில், மிக்ஸிங் மேசையின் மேல் வெள்ளைக் கூம்போடு உட்கார்ந்திருக்கும் யமஹா என்எஸ்-10எம் ஸ்பீக்கர்களைப் பார்க்காதவர் குறைவு. 1978இல் அவை வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே விற்பனைக்கு வந்தன. அங்கே எடுபடாமல் போன பிறகுதான் ஒலிப்பொறியாளர்களின் கைக்குப் போய்ப் பெயர் பெற்றன. கூம்புக்கான மரக்கூழ் கிடைக்காமல் போனதால் 2001இல் உற்பத்தி நின்றது. அப்படிப்பட்ட பழைய ஜோடி ஒன்றை நான்கு ஆண்டுகளாக முன்பக்க ஸ்பீக்கர்களாக வைத்துப் படம் பார்த்து வருகிறேன்.

முதல் வாரம் ஏமாற்றமே மிஞ்சியது. படத்தின் ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் ரிசீவரின் தானியங்கி அளவீடு இந்தச் சிறிய பெட்டிகளை 'லார்ஜ்' என்று முடிவு செய்து, அடித்தொனி முழுவதையும் அவற்றின் தலையிலேயே கட்டியிருந்தது. நானே 'ஸ்மால்' என மாற்றி, கிராஸ்ஓவரை, அதாவது அதற்குக் கீழான ஒலி அடித்தொனிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஸ்பீக்கருக்குப் போகும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வைத்ததும் நிலைமை தலைகீழானது. இதற்குக் காரணம் உண்டு. என்எஸ்-10 காற்றுத்துளை இல்லாத மூடிய பெட்டி. அடித்தொனியில் ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபல் என்ற அளவில் சீராகச் சரியும். ரிசீவரின் வடிகட்டி இன்னொரு 12 டெசிபல் சேர்க்கும்போது, மறுபுறம் சப்வூஃபருக்கான 24 டெசிபல் சரிவோடு அது ஏறத்தாழப் பொருந்திவிடுகிறது. தனியாகக் கேட்டால் குறையாகத் தெரியும் மெலிந்த அடித்தொனி, சப்வூஃபரோடு சேரும்போது வசதியாகிவிட்டது.

வசனத் தெளிவுக்காகத்தான் இவற்றை இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறேன். கொட்டும் மழைக்கு நடுவே முணுமுணுக்கும் பாத்திரத்தின் சொல்லும், அதற்கு முன்னால் அவர் இழுக்கும் மூச்சும் தனித்தனியே கேட்கின்றன. ஆனால் 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒலி தூக்கலாக வரும் மேடு பழைய படங்களின் வயலின்களைக் காதில் குத்த வைக்கிறது. ஒலிப்பொறியாளர் பாப் கிளியர்மவுண்டன் செய்ததாகப் புகழ்பெற்ற உத்தியைப் பின்பற்றி, உயர்தொனியைத் தரும் சிறிய பாகமான ட்வீட்டருக்கு முன்னால் மெல்லிய டிஷ்யூ தாளை ஒட்டிப் பார்த்தேன். அது இன்னும் மேலே உள்ள மினுமினுப்பைத்தான் குறைத்தது. உறுத்தல் அப்படியே இருந்தது. அதிர்வெண் வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ரிசீவரின் ஈக்வலைசரில் அந்த இடத்தை 3 டெசிபல் இறக்கியதே பலன் தந்தது.

ஒலியளவில் இவற்றுக்கு எல்லை உண்டு என்பதை ஒரு ட்வீட்டரைக் காவு கொடுத்துக் கற்றேன். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 90 டெசிபல். 50 வாட் கொடுத்தால் 107. நான் உட்காரும் மூன்று மீட்டர் தொலைவில், அறைச் சுவர்கள் திருப்பித் தருவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அது ஏறக்குறைய 97 ஆகிவிடும். திரையரங்கத் தரமோ ஒவ்வொரு முன்பக்க ஒலித்தடத்திலும் 105 டெசிபல் உச்சத்தைக் கேட்கிறது. ஒரு சண்டைக் காட்சியில் நான் ஒலியை ஏற்றிக்கொண்டே போக, ஆம்ப்ளிஃபயர் தன் எல்லையை மீறி ஒலியலையின் உச்சிகளை வெட்டி (கிளிப் ஆகி), வலப்பக்க ட்வீட்டர் சத்தமில்லாமல் இறந்தது. மல்டிமீட்டரை வைத்தபோதுதான் அதற்குள் இருக்கும் கம்பிச்சுருள் அறுந்திருப்பது தெரிந்தது. ஒரு மீட்டரில் உட்கார்ந்து கேட்பதற்காக மேசைமேல் வைக்கப்பட்டதை நான் மூன்று மீட்டருக்கு இழுத்தேன், தவறு என்னுடையதே. மாற்று ட்வீட்டர் தேடியலைந்த பிறகு, ரிசீவரின் உச்ச ஒலியளவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டேன்.

அடுத்த சிக்கல் சென்டர், அதாவது வசனத்தைத் தரும் நடு ஸ்பீக்கர். ஓராண்டு சென்டரே இல்லாமல் ஓட்டினேன். நடுவில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் குறை தெரியாது, பக்கவாட்டில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் குரல் ஓரமாக நகர்ந்துவிடும். வேறு மாடலைச் சேர்த்தால் குரலின் நிறம் மாறியதால், அதே ரகத்தில் ஒற்றை ஸ்பீக்கர் ஒன்றைத் தேடி வாங்கினேன். வந்ததும் குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தது. 1.5 வோல்ட் பேட்டரியை முனைகளில் தொட்டுப் பார்த்தேன்: மற்ற இரண்டின் கூம்புகளும் வெளியே தள்ள, இதனுடையது உள்ளே இழுத்தது. முன்பு பழுது பார்த்த யாரோ அடித்தொனியைத் தரும் பெரிய கூம்பான வூஃபரின் கம்பிகளை மாற்றிச் செருகியிருந்தார்கள். சரிசெய்தபின் ஒரு கார் திரையின் இடமிருந்து வலம் போகும்போது அதன் உறுமல் எங்கும் நிறம் மாறுவதில்லை.

மூன்றாவதன் கூம்பு மட்டும் மற்ற இரண்டைவிட மஞ்சளாக இருக்கிறது. விளக்கை அணைத்தபின் அதுவும் தெரிவதில்லை.