மாடி வீட்டுக்கு ஷவர் வாங்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

சென்னைத் தண்டையார்பேட்டையில் இரண்டாம் மாடியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது எங்கள் வீடு. குளியலறை ஷவர் ஏறத்தாழ ஒரு வருடமாக நாலைந்து துளைகளில் மட்டும் தண்ணீரைக் கோணல்மாணலாகப் பீச்சிக்கொண்டிருந்தது. நான் வாளியும் குவளையுமாகக் காலத்தை ஓட்டிவிடுவேன். முழங்கால் வலிக்கும் அம்மாவால் குனிந்து மொண்டு குளிக்க முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஷவருக்குக் கீழே உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். ஆகவே 600 ரூபாய்க்குள் ஒரு ஷவரை வாங்கி மாட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, எங்கள் பகுதியிலேயே இருக்கும் ஒரு சானிட்டரி கடைக்குப் போனேன். எல்லாம் முடிந்தபோது, திரும்பக் கிடைத்த பணம் போக, செலவு 4,795 ரூபாய். அது எப்படி ஆனது என்பதை, இதே கணக்கோடு கடைக்குக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கடைக்காரரிடம் நான் சொன்ன முதல் விஷயமே, வீடு மேல்மாடியில் இருக்கிறது, தண்ணீர் வேகம் குறைவு என்பதுதான். அதைக் கேட்டதும் அவர் எட்டு அங்குல அகலத்தில், சாப்பாட்டுத் தட்டு போல இருந்த ஒரு ஷவரை எடுத்துக் கையில் கொடுத்தார். "முழு பிராஸ் சார், வெயிட்டைப் பாருங்க. கம்மி பிரஷருக்குன்னே வர்ற மாடல்" என்றார். விலை 1,850 ரூபாய். பழைய ஆர்ம், அதாவது சுவரிலிருந்து நீளும் வளைந்த குழாய், இந்த எடையைத் தாங்காது என்று சொல்லி, புதிய ஆர்ம் ஒன்றையும் 450 ரூபாய்க்குச் சேர்த்துவிட்டார். மாட்டுவதற்குக் கடையே ஆள் அனுப்பும், கூலி 500. எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிற குடும்பத்தில் பிறந்த நான், அன்றைக்கு 2,800 ரூபாயைக் கைப்பேசியில் அனுப்பிவிட்டு, பில்லும் வாங்காமல், அட்டைப் பெட்டியையும் கேட்காமல் வெளியே வந்தேன். பணம் போனதும் கடையின் பெயருக்கு அல்ல, யாரோ ஒரு தனிநபர் பெயருக்கு என்பதை மறுநாள்தான் கவனித்தேன்.

மாட்ட வந்த பிளம்பர் பதினைந்து நிமிடத்தில் வேலையை முடித்தார். பழைய ஆர்ம் உப்பேறி இறுகியிருந்ததால், பைப் ரெஞ்சைப் போட்டு முழு பலத்தோடு திருகினார். புதியதன் மரையில், கசிவைத் தடுக்கும் டெஃப்லான் டேப்பைக் கட்டுப்போடுவது போலச் சுற்றி, அதே பலத்தோடு உள்ளே முறுக்கினார். கிளம்பும்போது பழைய ஷவரையும் ஆர்மையும் "வேஸ்ட்தானே சார்" என்று பையில் போட்டுக்கொண்டார். அவை இரண்டும் என் அப்பா வீடு கட்டும்போது வாங்கிப் போட்ட பித்தளைச் சாமான்கள். பழைய இரும்புக் கடையில் பித்தளைக்கு என்ன விலை என்பது அவருக்குத் தெரியும். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா குளிக்கப் போனார்கள். அகலமான அந்தத் தட்டின் ஓரத்துத் துளைகளில் தண்ணீர் வரவே இல்லை. நடுவிலிருந்து மட்டும், ஓட்டு வீட்டுத் தாழ்வாரத்தில் மழை ஓய்ந்த பிறகு சொட்டுவது போல ஒழுகியது. கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்காரர் சற்றும் தயங்காமல், "உங்க வீட்டுல பிரஷரே இல்ல சார், ஒரு பம்ப் போட்டுடலாம்" என்று 7,500 ரூபாய்க்கு விலை சொன்னார். வேகம் குறைவு என்று நான் முந்தைய நாளே சொன்னதை அவர் மறக்கவில்லை, அதை வைத்துத்தான் எனக்கு வலை விரித்திருக்கிறார் என்பது அந்த இடத்தில்தான் புரிந்தது.

இதில் இருக்கும் கணக்கு எளியது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு, உயர வித்தியாசம் ஒன்றுதான் அழுத்தம் தருகிறது. 10 மீட்டர் உயரம் இருந்தால் ஏறக்குறைய 1 பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் கிடைக்கும். எங்கள் தொட்டியின் அடிமட்டத்துக்கும் ஷவருக்கும் இடையே ஆறடிகூட இல்லை. தொட்டி பாதிக்குக் கீழே இறங்கிவிட்டால் 0.2 பார் கிடைப்பதே அரிது. அந்தச் சொற்ப அழுத்தத்தில் வரும் தண்ணீரை நூற்றுக்கும் மேற்பட்ட துளைகளுக்குப் பங்கு போட்டால் எந்தத் துளைக்கும் வேகம் மிஞ்சாது. எங்களைப் போன்ற மேல்மாடிக்காரர்களுக்கு வேண்டியது மூன்று அங்குலத்துக்கு மிகாத, துளைகள் குறைந்த ஷவர். அது விலையும் குறைவு. எட்டு அங்குல ஷவர், பம்ப் வைத்த வீட்டுக்கோ பல மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளங்களுக்கோ பொருந்தும். இதை ஒரு சானிட்டரி கடைக்காரர் அறியாமல் இருந்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை.

முழு பிராஸ் என்ற பேச்சையும் சோதித்துப் பார்த்தேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை ஆர்மில் வைத்ததும் பற்றிக்கொண்டது. பித்தளையைக் காந்தம் இழுக்காது. ஆக அது பளபளப்புப் பூச்சுப் பூசிய இரும்பு. எங்கள் உப்பேறிய போர் தண்ணீரில் (ஆழ்துளைக் கிணற்று நீர்) அது எத்தனை மாதம் துருப்பிடிக்காமல் இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஷவரைக் காந்தம் இழுக்கவில்லை, ஆனால் அது பித்தளை என்பதால் அல்ல. பின்புறம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கத்தி முனையால் லேசாகச் சுரண்டியதும் உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது. பிளாஸ்டிக் ஷவர் மட்டமான பொருள் என்று நான் சொல்லவில்லை, பித்தளை விலைக்கு அதை விற்றதுதான் மோசடி. பிறகு வேறொரு கடையில் அச்சு அசலாக அதே ஷவரைப் பெட்டியோடு பார்த்தேன். பெட்டியில் அச்சிட்டிருந்த அதிகபட்ச சில்லறை விலை 1,190 ரூபாய். எனக்குப் பெட்டியைத் தராததன் காரணம் அதுதான்.

பத்து நாள் கழித்து, குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில், படுக்கையறையில், ஓர் ஆள் உயரத்தில் ஈரக்கறை படர்ந்தது. இந்தமுறை தெரிந்தவர் மூலம் வேறொரு பிளம்பரை வரவழைத்தேன். அவர் ஒரு டைல்ஸைப் பெயர்த்துக் காட்டினார். நாங்கள் சில வருடங்களுக்கு முன் குழாயைப் பிளாஸ்டிக்குக்கு மாற்றியிருந்தோம். டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றி வலிந்து முறுக்கியதில், சுவருக்குள் இருந்த பிளாஸ்டிக் எல்போவின் (குழாய் திரும்பும் இடத்தில் வரும் வளைந்த இணைப்பு) மரைப் பகுதி விரிசல் விட்டிருந்தது. எல்போ மாற்றி, டைல்ஸ் பதித்துப் பூச 2,700 ரூபாய். ஷவர் மட்டும் கெட்டிருந்தால் ஆர்மைத் தொடவே வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நட்டைக் கழற்றினால் போதும் என்று அவர் சொன்னபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பழைய ஷவரை வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, துளைகளைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்திருந்தாலே உப்புக் கரைந்திருக்கும் என்றும் சொன்னார். கரைப்பதற்குத்தான் அந்தப் பித்தளை ஷவர் கையில் இல்லை.

இந்தப் பக்கத்து வீடுகளில் உப்பு ஒரு பெரிய விஷயம். மீஞ்சூரில் கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிநீராக்கும் நிலையம் 2010-இல் தொடங்கியது, அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியம் தரும் தண்ணீர், சமையலுக்கும் குடிக்கவும் போய்விடும், மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர். ஆகவே ஷவர் அடைப்பது தவிர்க்க முடியாதது, புதியதும் அடைக்கும்.

பணத்தைத் திரும்பக் கேட்டபோது, "மாட்டின பொருளை எப்படி சார் வாங்குறது?" என்றார் கடைக்காரர். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமல் இருப்பதும், பில்லில் காலவரம்பு எதுவும் இல்லாதபோது குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்ப எடுக்க மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைகள். இதை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அவர் எதிரிலேயே அழைத்தேன். பில் இல்லாத நிலையில், பணம் அனுப்பியதற்கான கைப்பேசிப் பதிவு ஒன்றுதான் என்னிடம் இருந்த சான்று. இணைப்புக் கிடைப்பதற்கு முன்பே, ஷவரை வாங்கிக்கொண்டு 1,000 ரூபாயை மேசையில் வைத்தார். ஆர்முக்கும் கூலிக்கும் உடைந்த எல்போவுக்கும் அவர் பொறுப்பேற்கவில்லை. வழக்கு என்று அலைய அம்மாவை விட்டுவிட்டு என்னால் முடியாது என்பதால் அதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்; அது சரியான முடிவா என்பதில் எனக்கே சந்தேகம் உண்டு.

இப்போது மூன்று அங்குலப் பிளாஸ்டிக் ஷவர் ஒன்று மாட்டியிருக்கிறேன். பெட்டியோடும் பில்லோடும் 280 ரூபாய், டேப் 15 ரூபாய். நட்டைத் துணியால் மூடி ஸ்பேனரால் திருகி, டேப்பை நாலைந்து சுற்று மட்டும் சுற்றி நானே மாட்டினேன். பத்து நிமிடம் ஆனது. தொட்டி நிறைந்திருக்கும் காலை நேரத்தில் அம்மா குளிக்கும் அளவுக்குத் தண்ணீர் நன்றாகவே விழுகிறது. இரும்பு ஆர்ம் இன்னும் மாற்றப்படவில்லை. படுக்கையறைச் சுவர் முழுதாகக் காய்ந்த பிறகுதான் பெயின்ட் அடிக்க முடியும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். அந்தச் செலவு மேலே சொன்ன 4,795 ரூபாயில் சேரவில்லை.