கேட்டரிங் படிக்கச் சேர்த்த தம்பியை மண்டபத்துக்கு அனுப்பிக் கூலி வாங்கினார்கள்

2023 ஜூனில் என் தம்பியை மதுரையில் ஒரு கேட்டரிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்த்தோம். ஓராண்டு டிப்ளமோ. கட்டணம் 95,000 ரூபாய், அப்புறம் யூனிஃபார்ம், கத்தி செட் என்று இன்னொரு 9,000. முதல் தவணைக்கு அம்மாவின் வளையல்களை அடகு வைத்தோம். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், ஹோட்டல் மேனேஜ்மென்ட் சேர்க்கலாமா என்று பல வீடுகளில் பேச்சு ஓடும். அவர்களுக்காக எழுதுகிறேன்.

ஜவுளிக்கடைக்கு மேலே இரண்டு மாடி. சுவரெல்லாம் கப்பல் படம், துபாய் படம். "வாங்கம்மா, நூறு சதவீதம் வேலை, பத்திரத்துல எழுதியே தர்றோம்" என்றார் நிர்வாகி. சமையல் லேபைக் காட்டினார்கள். ஆறு அடுப்பு வரிசையாக இருந்தது. ஒரு வாணலியை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பாத்திரக் கடையில் ஒட்டிய விலைச்சீட்டு அடியில் அப்படியே இருந்தது. புதுசு போல என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து சான்றிதழ் வாங்கப் போனபோதும் அந்தச் சீட்டு கிழியாமல் இருந்தது. அடுப்புகளுக்கு கேஸ் இணைப்பே கொடுக்கவில்லை என்பதைத் தம்பி அப்புறம்தான் சொன்னான்.

முதல் இரண்டு மாதம் நோட்ஸ் எழுத வைத்தார்கள். ஆவணி முகூர்த்தம் ஆரம்பித்ததும் 'ஓடிசி' என்றார்கள். மண்டபங்களில் நடக்கும் கேட்டரிங் வேலையை இந்தத் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வேன் வரும், இருபது பையன்களை ஏற்றிக்கொண்டு போகும். வெல்கம் டிரிங்க் ட்ரே தூக்க வேண்டும், பஃபே கவுண்டரில் நிற்க வேண்டும், சாப்பிட்ட தட்டுகளை எடுக்க வேண்டும். வீடு வந்து சேர ராத்திரி ஒரு மணி ஆகும். மறுநாள் காலை வகுப்பு கிடையாது. கேட்டால், இதுதான் பிராக்டிகல் என்பார்கள். தலைக்கு 600 ரூபாய் உங்கள் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கொடுக்கிறோமே என்று காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். பையன்களுக்குக் கிடைத்தது சாப்பாடும் பஸ்ஸுக்கு ஐம்பது ரூபாயும். தட்டு எடுப்பதைக் குறைவான வேலை என்று நான் சொல்லவில்லை. எங்கள் பெரிய மாமா அந்த வேலை பார்த்துத்தான் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தார். ஆனால் அவருக்குக் கூலி கொடுத்தார்கள். இங்கே நாங்கள் பணம் கட்டி அனுப்பிய பிள்ளையை வைத்து அவர்கள் கூலி வாங்கியிருக்கிறார்கள்.

படிப்பு முடிந்து சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் 'கம்மி' வேலைக்கு, அதாவது செஃப்புக்குக் கீழே இருக்கும் ஜூனியர் சமையல்காரர் வேலைக்கு, இன்டர்வியூ கிடைத்தது. இன்ஸ்டிட்யூட் அனுப்பவில்லை, நாங்களாகத் தேடிப் போனது. செஃப் ஒரு கேரட்டைக் கொடுத்து ஜூலியன் வெட்டச் சொன்னார். தீக்குச்சி மாதிரி ஒரே அளவில் வெட்ட வேண்டும், கேட்டரிங் படிப்பவர்களுக்கு முதல் மாதத்திலேயே கை பழகிவிடும். தம்பி வட்ட வட்டமாக நறுக்கினான். ஒயிட் சாஸுக்கு வெண்ணெயும் மைதாவும் என்ன கணக்கு என்று கேட்டதற்கும் முழித்திருக்கிறான். செஃப் கோபப்படவில்லை. அவன் பக்கத்தில் வந்து, இடது கை விரல்களை உள்ளே மடக்கி வைத்து, "இப்படிப் பிடிப்பா, இல்லேன்னா விரல் போயிடும்" என்று காட்டினாராம். அதற்கப்புறம் சான்றிதழைப் பார்த்துவிட்டு, இதில் இருக்கும் பல்கலைக்கழகத்தை யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இணையதளத்தில் தேடிப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார். அன்று இரவே தேடினோம். வடக்கே ஏதோ மாநிலத்தின் பெயரோடு இருந்த அந்தப் பல்கலைக்கழகம் அங்கீகாரம் பெற்றவற்றின் பட்டியலில் எங்கேயும் இல்லை. போலிப் பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி தனிப் பட்டியலே போட்டிருக்கிறது. பணம் கட்டும் முன் இரண்டையும் பாருங்கள், பத்து நிமிடம்தான் ஆகும்.

கப்பல் வேலைக்கு இன்ஸ்டிட்யூட்டில் 60,000 தனியாகக் கேட்டார்கள். நல்லவேளை, எங்களிடம் இல்லை. தம்பியோடு படித்த இருவர் கட்டிவிட்டு இன்னும் காத்திருக்கிறார்கள். கப்பலுக்கு ஆள் எடுப்பவர்கள் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும், வேலை தருவதற்கு நம்மிடம் பணம் வாங்கவே கூடாது. வளைகுடா வேலை என்றால் ஏஜென்ட் மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்.

ஒழுங்கான வழி எங்கள் கண்ணெதிரில் இருந்தும் தெரியாமல் போய்விட்டதே என்பதுதான் இன்னும் ஆறவில்லை. சென்னை தரமணியில் மத்திய அரசின் ஹோட்டல் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட்டான ஐஎச்எம் இருக்கிறது. திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. அங்கே மூன்று வருட பிஎஸ்சி படிக்க என்சிஎச்எம் ஜேஇஇ என்ற நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி, ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் போதும். அவ்வளவு படிக்க முடியாது என்றால் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஒன்றரை வருட சமையல் கிராஃப்ட் கோர்ஸ் இருக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தரமணியில் படிக்க, அவர்களுக்கான மாநில அரசுக் கழகமான தாட்கோ செலவை ஏற்கும் திட்டமும் இருக்கிறது. பிஎஸ்சியில் சேர்ந்தால் சில மாதம் நட்சத்திர ஹோட்டலுக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். கிச்சன், சர்வீஸ், ஃப்ரண்ட் ஆபீஸ், ஹவுஸ்கீப்பிங் என்று நாலு பிரிவிலும் சுற்ற விடுவார்கள். தினமும் என்ன செய்தோம் என்று லாக் புக்கில் எழுத வேண்டும். தனியார் இன்ஸ்டிட்யூட்டில்தான் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் போன வருடம் படித்த பிள்ளைகளின் லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் போய், அடுப்பு எரிகிறதா, சிங்க் ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். தம்பியின் டிசியையும் மார்க் ஷீட்டையும், பாக்கி 30,000 கட்டினால்தான் தருவோம் என்று ஏழு வாரம் வைத்திருந்தார்கள். ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி கல்லூரிகளுக்கு உத்தரவு போட்டிருக்கிறது. இவர்கள் கல்லூரியே இல்லை என்பதால் நாங்கள் நேராகக் காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது வாங்கினோம். எஸ்ஐ ஒரு போன் போட்டார். அன்று சாயங்காலமே கவரில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள்.

கட்டிய பணம் வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறோம். தம்பி ஒவ்வொரு மண்டப வேலையையும் ஒரு சின்ன டைரியில் எழுதி வைத்திருக்கிறான். மண்டபத்தின் பெயர், தேதி, வேன் கிளம்பிய நேரம், திரும்பிய நேரம் என்று மொத்தம் 43 ராத்திரிகள். அதை நகலெடுத்து தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். அவனோடு வேனில் போன மற்ற பையன்களும் தேதிகளை எழுதிக் கொடுத்தால் அதே புகாரில் சேர்த்துக்கொள்ளத் தயாராக இருக்கிறோம்.