லைப்சிக் – சால்ஸ்பர்க் – வியன்னா: பாடகர் குழுக்களுக்கான சுற்றுலாத் தொகுப்பு எப்படி?

கச்சேரிகளுக்கு முன் சில நாள் ஊர் பார்க்கலாம் என்று பயண நிறுவனங்கள் பாடகர் குழுக்களிடம் விற்கும் தொகுப்புகளில் ஜெர்மனியின் லைப்சிக், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க், வியன்னா ஆகிய இந்த மூன்று நகரங்களும் அடிக்கடி வரும். ஊர்த் தேர்வில் குறையில்லை. நாள்களை அடுக்கியிருக்கும் விதம்தான் சரியில்லை. பாடப்போகிறவர்கள் என்ற நினைப்பே இல்லாமல் போட்ட அட்டவணை.

லைப்சிக்கிற்கு முழு மதிப்பெண். இசையமைப்பாளர் பாஹ் 1723 முதல் 1750இல் இறக்கும்வரை பணிபுரிந்த தாமஸ் தேவாலயத்தில் அவர் கல்லறையும் இருக்கிறது. அங்குள்ள சிறுவர் குழு ஊரில் இருக்கும் வாரங்களில் வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி பிற்பகல் 3 மணிக்கும் பாடும். எதிரொலி நீளும் கட்டடத்தில் சொல் தெளிவாகக் கேட்க எவ்வளவு வேகம் வேண்டும் என்பதை அங்கே உட்கார்ந்து கேட்டால் புரிந்துவிடும். பள்ளி விடுமுறையில் போனால் வேறு குழுதான் பாடும். பயணத் தேதியை உறுதிசெய்யும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து சால்ஸ்பர்க் 500 கிலோமீட்டருக்கு மேல். நாலரை மணி நேரம் ஓட்டினால் ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டம். அட்டவணையில் அது இல்லையென்றால் வெட்டுப்படுவது மாலை ஒத்திகைதான். பேருந்தில் தொண்டையைக் கெடுப்பது குளிர்காற்று மட்டுமல்ல. இன்ஜின் சத்தத்துக்கு மேல் பேச எல்லோரும் தம்மை அறியாமல் குரலை உயர்த்துகிறார்கள். சோப்ரானோக்களை, அதாவது உச்சக் குரலில் பாடுபவர்களை, பின்வரிசையில் உட்கார வைக்காதீர்கள், இன்ஜின் அங்கேதான். சால்ஸ்பர்க்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான். மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

'தேவாலயத்தில் பாடும் வாய்ப்பு' என்று போட்டிருந்தால் அது திருப்பலியிலா, பார்வையாளர் நேரத்தில் பத்து நிமிடமா என்று எழுத்தில் வாங்குங்கள். திருப்பலி என்றால் பாடல் பட்டியலுக்கு முன்கூட்டியே அனுமதி தேவைப்படும். ஆர்கன் (தேவாலயத்தின் குழாய் இசைக்கருவி) துணை உண்டென்றால் அதன் சுருதியையும் கேளுங்கள். பழைய ஆர்கன்கள் இன்றைய பொதுச் சுருதியான 440 ஹெர்ட்ஸில் இருக்கும் என்று நம்ப முடியாது.

மிகப் பெரிய தவறு வியன்னாவில். புனித ஸ்டீபன் பேராலயத்தின் தெற்குக் கோபுரத்துக்கு 343 படிகள். அதைக் கச்சேரி நாள் காலையில் வைத்தால் மாலையில் மேடைப் படியில் நிற்கும்போது கால்கள் தளரும். முழங்காலை விறைப்பாகப் பூட்டி நிற்பார்கள், ரத்தம் கீழே தேங்கும், மயங்கி விழ அதுவே போதும். கோபுரத்தை முந்தின நாளுக்கு மாற்றுங்கள். கச்சேரி நாளில் மதியத்துக்குப் பிறகு நடை கூடாது, சாப்பாடு பாடுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடிய வேண்டும். இந்த மாற்றங்களுக்கு ஒப்புக்கொள்ளும் நிறுவனத்துக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள்.