ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபனிட்டிவ் எடிஷன்: பழைய பிரவுசிங் சென்டர்க்காரன் பார்வையில்

2022 ஏப்ரல் கடைசியில் ஒரு ராத்திரி. வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, திரையில் மரம் வெட்டப் போகிற ஆளை மவுஸால் சொடுக்கினேன். தமிழில் பதில் வந்தது. மதுரைத் தமிழ் இல்லை, ஆனாலும் தமிழ். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பதினேழு வருஷமாக இந்த ஆட்டத்தில் அரபி கேட்டிருக்கிறேன், ஜப்பானிய மொழி கேட்டிருக்கிறேன், மங்கோலிய மொழி கேட்டிருக்கிறேன். என் மொழியைக் கேட்டது அன்றைக்குத்தான்.

ஆட்டத்தின் பெயர் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. நான் எழுதுவது 2019 நவம்பரில் வந்த அதன் டெஃபனிட்டிவ் எடிஷனைப் பற்றியும், அதற்கு மேல் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டிய ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ பற்றியும். ஆனால் 2009 ஜனவரியைச் சொல்லாமல் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு வராது.

அப்போது செல்லூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். எட்டு சிஸ்டம், கல்லாவில் ஒன்று. மணிக்கு 15 ரூபாய். காலையில் பயோடேட்டா அடிக்கவும் ரிசல்ட் பார்க்கவும் ஆட்கள் வருவார்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் கடை பசங்க கையில். பக்கத்துச் சந்தில் தறிச் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே எட்டுப் பேரும் நாலுக்கு நாலாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். இந்த ஆட்டத்தில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர்தான் ஆட முடியும், என் கடையிலும் எட்டு சிஸ்டம். ஒன்பதாவதாக வருகிறவன் முதுகுக்குப் பின்னால் நின்று யோசனை சொல்வான்.

ஆடாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மூன்று ஆட்களோடு ஆரம்பிக்க வேண்டும். உணவு, மரம், பொன், கல் நான்கையும் சேர்த்து ஊரைக் கட்டி, நான்கு காலங்களைத் தாண்டி, எதிரியின் கோட்டையை இடிக்க வேண்டும். எந்த நாட்டுக்காரனாக ஆடுவது என்பது நம் விருப்பம். 2000-ஆம் ஆண்டு வந்த ‘கான்கரர்ஸ்’ என்ற கூடுதல் தொகுப்பையும் சேர்த்து அதில் 18 நாகரிகங்கள் இருந்தன. இந்தியா இல்லை. அதனால் எங்கள் பசங்க பெரும்பாலும் பெர்சியாவைத்தான் எடுப்பார்கள். பெர்சியாவிடம் போர் யானை இருந்தது. மீனாட்சியம்மன் கோயில் யானையைப் பார்த்து வளர்ந்த பையன் வேறு எதை எடுப்பான்?

இதைச் செய்த கம்பெனி என்செம்பிள் ஸ்டுடியோஸ், அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம். 2001-இல் மைக்ரோசாஃப்ட் அதை வாங்கியது. 2008 செப்டம்பரில், கையில் இருக்கிற வேலை முடிந்ததும் என்செம்பிளை மூடப் போவதாகச் செய்தி வந்தது. எங்கள் கடையில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2009 ஜனவரி 22 அன்று 5,000 பேர் வரை வேலையிலிருந்து நீக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அந்த மாதத்திலேயே என்செம்பிளும் மூடப்பட்டது, ஃப்ளைட் சிமுலேட்டர் செய்துகொண்டிருந்த ஏசஸ் ஸ்டுடியோவும் மூடப்பட்டது. 2007-இல் மைக்ரோசாஃப்ட்டின் இன்னொரு கேம் கம்பெனியான ஃபாஸா ஸ்டுடியோ ஏற்கெனவே போயிருந்தது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றுதான் தோன்றியது: மைக்ரோசாஃப்ட் கம்ப்யூட்டர் கேமை விட்டே போகிறது.

செய்தியைக் கொண்டுவந்தவன் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். “அண்ணே, மூட்டை கட்டிட்டாங்கண்ணே. இனிமே எல்லாம் டிவியில மாட்டுற பொட்டிக்குத்தானாம்.” எட்டுப் பேரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ஒருத்தன் திட்டினான். ஒருத்தன், “சிடி நம்மகிட்ட இருக்குல்ல, அவன் போனா என்ன?” என்றான். அவனியாபுரத்திலிருந்து வருகிற ஒரு பையன் எதுவும் பேசவில்லை. விமான நிலையத்துச் சுவரை ஒட்டி வளர்ந்தவன். ஆறாவது சிஸ்டத்தில் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸை வெறும் கீபோர்டில் ஓட்டிப் பழகியவன். அன்றைக்குச் சீக்கிரமே கிளம்பிவிட்டான். அடுத்த ஒரு வாரம் கடைப்பக்கம் வரவில்லை.

எனக்கு வலித்தது வேறு ஒரு விஷயம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் செய்தவர்களின் கடைசி ஆட்டம் ஹேலோ வார்ஸ். அப்போது அது எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மட்டும்தான் வந்தது. கம்ப்யூட்டரில் இந்த வகை ஆட்டத்தை உலகத்துக்கே பழக்கிவிட்டவர்கள், கடைசியாகச் செய்ததை எங்களால் ஆட முடியவில்லை. செல்லூரில் எவன் வீட்டில் எக்ஸ்பாக்ஸ் இருந்தது?

அதற்கப்புறம் நடந்ததுதான் இந்த விமர்சனத்துக்கே காரணம். கம்பெனி போய்விட்டது, ஆட்டத்துக்கு வயதாக ஆரம்பித்தது. விண்டோஸ் 7 போட்ட சிஸ்டத்தில் தண்ணீரும் புல்லும் கன்னாபின்னாவென்று நிறம் மாறித் தெரியும். விண்டோஸின் எக்ஸ்புளோரரை நிறுத்திவிட்டு ஆட்டத்தைத் திறந்தால் சரியாகிவிடும் என்பதைப் பசங்கதான் கண்டுபிடித்து வந்து சொன்னார்கள். இணையத்தில் சேர்ந்து ஆட மைக்ரோசாஃப்ட் வைத்திருந்த பழைய ‘ஸோன்’ 2006-லேயே இந்த ஆட்டத்துக்கு மூடப்பட்டிருந்தது. வெளியூர்க்காரர்களோடு ஆட கேம்ரேஞ்சர், வூப்லி என்று வேறு இடங்கள் இருந்தன. அகலத் திரைக்குப் படம் பொருந்தவில்லை என்றதும் ரசிகர்களே யூசர்பேட்ச் என்று ஒன்றை எழுதினார்கள். யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. 2012 கடைசியில் வேறு சில ரசிகர்கள் சேர்ந்து ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்று ஐந்து புது நாகரிகங்களைச் செய்து வெளியிட்டார்கள். அதில் ஒன்று இந்தியா.

அந்த வருஷம் எங்கள் ஊரில் கரண்ட் எப்படி இருந்தது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் ஓடும், ஒரு மணி நேரம் போகும். யுபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும். அது கூவ ஆரம்பித்ததும் எவனாவது “சேவ் பண்ணு, சேவ் பண்ணு” என்று கத்துவான். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் ஆட்டத்தைச் சேமித்துவிட்டு, வைகைப் பாலத்தில் போய் நின்று காற்று வாங்கிவிட்டு, கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கம்பெனி விட்டுப்போய் மூன்று வருஷம் ஆன ஆட்டம் அது. 2013-இல் கடையை மூடினேன். எல்லோர் கையிலும் போன் வந்துவிட்டது, கரண்ட்டும் இல்லை. வேறு வழியில்லை.

நான் கடையை மூடிய வருஷம்தான் மைக்ரோசாஃப்ட் இதே ஆட்டத்தை எச்டி எடிஷன் என்று திரும்பக் கொண்டுவந்தது. அந்த ரசிகர்களையே கூப்பிட்டு அவர்கள் செய்ததை முறைப்படி வெளியிட வைத்தார்கள். இன்றைக்கு டெஃபனிட்டிவ் எடிஷனைச் செய்வதில் முக்கியமான கை அவர்களுடையது, அதே ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்ற பெயரில். நான் கடையில் ஓட்டியது நகல் சிடி. இதை மறைக்க விரும்பவில்லை. டெஃபனிட்டிவ் எடிஷனைக் காசு கொடுத்து வாங்கியபோது அந்தப் பழைய கணக்கையும் மனதில் வைத்துத்தான் வாங்கினேன்.

சரி, ஆட்டம் எப்படி? பழசை ஆடியவர்கள் முதலில் வயலைக் கவனிப்பார்கள். முன்பெல்லாம் ஆலையில் முன்கூட்டியே சொல்லிவைக்க மறந்தால், வயல் தீர்ந்ததும் சண்டைக்கு நடுவே ஓடிவந்து ஒவ்வொன்றாகப் புதுப்பிக்க வேண்டும், இதிலேயே பாதிப் பேர் தோற்பார்கள். இப்போது வயல் தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. கிட்டப் போய்ப் பார்க்கலாம், தள்ளி நின்றும் பார்க்கலாம். கட்டிடம் இடிந்தால் கல் கல்லாகச் சரிகிறது. தனியாக ஆடுகிறவர்களுக்கு ஒரு பெரிய மாற்றம்: பழைய ஆட்டத்தில் கடினமான நிலையில் கம்ப்யூட்டர் மரத்தையும் பொன்னையும் திருட்டுத்தனமாக எடுத்துக்கொள்ளும். இப்போது அது நம்மைப் போலவே சேர்த்து, நம்மைப் போலவே செலவழித்து, அப்படியும் நம்மை அடிக்கிறது. தோற்றாலும் மனசு ஆறுகிறது. புதிதாக வருகிறவர்கள் ‘ஆர்ட் ஆஃப் வார்’ பயிற்சிகளை முதலில் செய்யுங்கள். நாங்கள் ஆறு மாதம் அடிவாங்கிக் கற்றதை அது ஒரு மாலையில் சொல்லிக்கொடுத்துவிடும்.

குறைகளும் உண்டு. படை நெருக்கமாக நகரும்போது ஆட்கள் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள், சில அப்டேட்டுக்குப் பிறகு இது இன்னும் மோசமாகிறது. வந்த புதிதில் தரவரிசை ஆட்டத்துக்குள் போக வேண்டுமானால் நம் கணினி ஒரு சோதனையில் 1,000 புள்ளி எடுக்க வேண்டியிருந்தது. என் பழைய சிஸ்டம் அதைத் தொடவில்லை. ராம் வாங்கிப் போட்ட பிறகுதான் உள்ளே போனேன். பத்து வருஷம் பழைய கணினியிலேயே உயிர் பிழைத்த ஆட்டத்துக்கு இப்படி ஒரு வாசல் வைத்தது சரியில்லை.

இனி டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா. 2013-இல் இந்தியா என்று ஒரே நாகரிகம்தான் இருந்தது, அதன் ஆட்கள் இந்தி பேசினார்கள். யானைமேல் வில்லாளியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டவனுக்கு அந்தக் குரல் ஒட்டவில்லை. 2022-இல் அதைப் பிரித்து ஹிந்துஸ்தானி, வங்காளம், கூர்ஜரம், திராவிடம் என்று நான்காக்கினார்கள். திராவிடத்துக்குத் தமிழ்.

எனக்கு மிகவும் பிடித்தது திராவிடத்தின் குதிரை லாயம். அதில் நைட் என்ற கவசக் குதிரை வீரன் கிடையாது. ஆடிப் பார்த்த பலருக்கு இது பெரிய குறை. எனக்கு இது சரியாகவே படுகிறது. பாண்டிய நாட்டில் நல்ல குதிரை பிறக்கவில்லை, கடல் வழியே வந்தது. மார்கோ போலோ இந்தப் பக்கம் வந்தபோது, ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் இறங்குவதையும், பராமரிக்கத் தெரியாமல் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். பதிலுக்கு இந்த ஆட்டம் திராவிடத்துக்குக் கப்பலும் காலாட்படையும் கொடுக்கிறது. ஒவ்வொரு காலத்துக்கு ஏறும்போதும் 200 மரம் இலவசமாக வருகிறது. கடைசியில் உருக்கு: நம் ஊர்ப் பக்கத்து உருக்கைத்தான் வெள்ளைக்காரன் ‘வூட்ஸ்’ என்றான். ஆட்டத்தில் அந்த உருக்குக்கான ஆய்வை முடித்துவிட்டால் நம் வாள் எதிரியின் கவசத்தை மதிக்காது. கவசம் பூட்டிய குதிரைப்படை ஒன்று என் காலாட்களிடம் சரிந்ததை முதல் தடவை பார்த்தபோது எழுந்தே நின்றுவிட்டேன்.

மனத்தாங்கல் இரண்டு. ஹிந்துஸ்தானி அடிப்படை ஆட்டத்தோடேயே வருகிறது, தமிழ் கேட்க வேண்டுமானால் தனியாகக் கொடுக்க வேண்டும். இன்னொன்று கதை. திராவிடத்துக்குக் கொடுத்தது ராஜேந்திர சோழன் கதை. நல்ல கதைதான், கங்கையும் கடாரமும் சின்ன விஷயமா? ஆனால் மதுரைக்காரனுக்கு ராஜேந்திரன் என்றால் வேறு ஞாபகமும் வரும். இலங்கையில் பத்திரமாக இருந்த பாண்டியர் மணிமுடியைக் கொண்டுபோனவன், தன் மகனைச் சோழபாண்டியன் என்று மதுரையில் உட்கார வைத்தவன். 1251-இல் பட்டமேறி, கண்ணனூர்க் கொப்பத்தில் போசளரை அடித்து, நெல்லூர் வரை போய், திருவரங்கம் கோயிலுக்குப் பொன் வேய்ந்த சடையவர்மன் சுந்தரபாண்டியனுக்கு ஐந்து கட்டம் செய்யக் கதை போதாதா? ஆட்டத்தைக் காப்பாற்றியவர்களே இப்போது செய்கிறார்கள் என்பதால்தான் உரிமையோடு கேட்கிறேன்.

வாங்கலாமா என்றால், வாங்குங்கள். முதலில் அடிப்படை ஆட்டம் மட்டும் போதும், தள்ளுபடி அடிக்கடி வருகிறது. ஒரு மாதம் ஆடிப் பிடித்திருந்தால் இந்தியாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல ஹெட்போன் ஒன்று போட்டு ஆடுங்கள்.

2009-இல் செருப்போடு உள்ளே வந்த அந்தத் தம்பி இப்போது மஸ்கட்டில் இருக்கிறான். கடையில் ஆடிய காலத்தில் வைகையையும் யானைமலையையும் வைத்து ஒரு மேப் செய்து, செய்தி வந்த மறுநாள் அதைச் சிடியில் எழுதி என்னிடம் கொடுத்து, “பத்திரமா வச்சுக்கங்கண்ணே” என்றவன். அந்தச் சிடி இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நாங்கள் ஆறு பேர் சேர்கிறோம். நான் திராவிடம் எடுக்கிறேன். அவன் இன்னும் பெர்சியாதான்.