சைட்மேப் எழுத மூன்று எடிட்டர் ஸ்கிரிப்டுகள்: வேலூர்ப் பக்கங்களை வைத்து ஓர் அலசல்

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது என் இணையதளத்தின் கோப்புறைகளும் பிரிந்தன. ஆற்காடு, வாலாஜா பற்றிய பக்கங்கள் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கங்கள் திருப்பத்தூருக்கும் போயின. முகவரிகள் மாறிவிட்டதால் சைட்மேப்பை, அதாவது தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிக்குச் சொல்லும் பட்டியலை, புதிதாக எழுத வேண்டியிருந்தது. எல்லாமே கையால் எழுதிய எச்டிஎம்எல் பக்கங்கள். தளத்தைச் சுற்றிவந்து சைட்மேப் தயாரித்துத் தரும் இணையச் சேவைகள் இருக்கின்றன. ஆனால் வேறெந்தப் பக்கத்திலிருந்தும் இணைப்பு இல்லாத பக்கம் அவற்றின் கண்ணில் படாது. சைட்மேப் மிகவும் தேவைப்படுவதே அந்தப் பக்கத்துக்குத்தான். அதனால் பக்கங்களை எழுதும் எடிட்டருக்குள்ளேயே முடிக்கும் வழிகளைத் தேடினேன்.

முதல் வழி, நோட்பேட் பிளஸ் பிளஸ் எடிட்டரில் தேடி மாற்றும் மேக்ரோ, அதாவது பதிவுசெய்து மீண்டும் இயக்கும் கட்டளைத் தொடர். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் கோப்புப் பட்டியலை எடுத்து, ரெகுலர் எக்ஸ்பிரஷனால் (எழுத்து அமைப்பை வைத்துத் தேடும் முறை) ஒவ்வொரு வரிக்கும் முன்னும் பின்னும் குறிச்சொற்களைச் சேர்க்க வேண்டும். கோப்புப் பெயர்கள் ஆங்கிலத்தில் இருந்தால் இதுவே போதும். என் கோப்புகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருந்தேன். பட்டியலைச் சேமித்துத் திறந்தால் எழுத்துக்குப் பதில் கேள்விக்குறிகள். சாளரத்தின் குறியாக்கத்தை 65001க்கு, அதாவது யூடிஎஃப்-8க்கு, மாற்றிய பிறகுதான் தமிழ் வந்தது.

அடுத்த தடை சதவீதக் குறியாக்கம்: தமிழ் எழுத்தை முகவரியில் % குறியும் எண்களுமாக மாற்றி எழுதுவது. ‘வேலூர்’ என்பது யூனிகோடில் ஆறு குறியீடுகள். யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், முகவரியில் ஒரு பைட்டுக்கு மூன்று எழுத்து. ஆக, ஓர் ஊர்ப் பெயர் 54 எழுத்துகளாக நீள்கிறது! தேடி மாற்றுவதால் இது ஆகாது. அதைச் செய்யும் மைம் டூல்ஸ் செருகுநிரலை (எடிட்டரோடு சேரும் துணை நிரல்) தனியாக ஏவ வேண்டும்.

இரண்டாவது, ஈமாக்ஸ் எடிட்டரின் சொந்த நிரல்மொழியான ஈமாக்ஸ் லிஸ்ப். கோப்புறைகளுக்குள் இறங்கிப் பட்டியலெடுக்கவும் முகவரியைக் குறியாக்கவும் செயற்கூறுகள் (தயார் நிலையிலுள்ள சிறு நிரல்கள்) உள்ளேயே இருக்கின்றன. விளைவை ஈமாக்ஸுக்குள்ளேயே பார்த்துத் திருத்தலாம். ஒரு சிக்கல்: குறியாக்கும் செயற்கூறு, வேறு சொல்லாவிட்டால், கோப்புறைகளைப் பிரிக்கும் சாய்கோட்டையும் (/) சேர்த்து மாற்றிவிடுகிறது. அதை விட்டுவிடும்படி தனியாகச் சொல்ல வேண்டும், அல்லது பாதையைத் துண்டு துண்டாக வெட்டிக் குறியாக்கி மறுபடி ஒட்ட வேண்டும். ஈமாக்ஸில் ஏற்கெனவே பழகியவருக்கு இது பெரிய வேலை இல்லை. சைட்மேப்புக்காக மட்டும் ஈமாக்ஸ் கற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, நோட்பேட் பிளஸ் பிளஸுக்குள் பைத்தான் நிரல்மொழியில் எழுதி இயக்க உதவும் பைத்தான் ஸ்கிரிப்ட் செருகுநிரல். பைத்தானின் குறியாக்கச் செயற்கூறு சாய்கோட்டைத் தொடாமல் விடுகிறது. விண்டோஸின் பின்சாய்கோட்டை (\) மட்டும் முதலில் சாய்கோடாக மாற்றிக்கொள்ள வேண்டும். முப்பது வரிக்குள் முடிகிறது, பழகிய எடிட்டரையும் விட வேண்டியதில்லை. என் தேர்வு இதுதான்.

அதற்கு முக்கியக் காரணம் தேதி. பக்கம் கடைசியாக மாறிய நாளைச் சைட்மேப்பில் குறிக்கலாம். அதிலேயே குறிக்கக்கூடிய முன்னுரிமை, பக்கம் மாறும் இடைவெளி ஆகியவற்றைக் கூகுள் பொருட்படுத்துவதில்லை. இந்தத் தேதியை மட்டும், அது தொடர்ந்து நம்பும்படி இருந்தால், பயன்படுத்துகிறது. நான் எல்லாப் பக்கங்களின் அடியிலும் மாவட்டப் பெயரை ஒரே நாளில் திருத்தியிருந்தேன். கோப்பின் தேதியைக் கேட்டால் கோட்டை முதல் முள்ளுக் கத்தரிக்காய் வரை எல்லாப் பக்கங்களும் அன்றுதான் எழுதியது போல் காட்டியது. அதைத் தேடுபொறியிடம் சொல்வது பொய். ஆகவே ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் உண்மையான தேதியைக் குறிப்பாக எழுதிவைத்தேன். ஸ்கிரிப்ட் பக்கத்தைத் திறந்து அதைப் படிக்கிறது. லிஸ்பிலும் இதைச் செய்யலாம். பெயர்ப் பட்டியலை மட்டும் கையில் வைத்திருக்கும் மேக்ரோவால் முடியாது.

ஒரு சைட்மேப்புக்கு 50,000 முகவரி, 50 எம்பி என்ற வரம்பு என் போன்ற சிறு தளத்துக்குப் பொருட்டே இல்லை.

ஆற்காடு மக்கன் பேடா பக்கத்தில் எழுத்துப் பிழையைத் திருத்தினால் தலைப்பகுதியில் எழுதிய தேதியைத் தொடுவதில்லை. செய்முறை விவரத்தைச் சேர்த்தால் மட்டுமே மாற்றுகிறேன்.