ஓதம் ஏறிய வீட்டை உலர்த்தும் கருவிகள்: எந்தப் பருவத்தில் எது உழைக்கிறது

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து வடிந்ததும் பலர் முதலில் தேடுவது டீஹியூமிடிஃபையரை, அதாவது காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக இழுத்தெடுக்கும் இயந்திரத்தை. பல பருவங்கள் புழங்கிப் பார்த்ததில், அதற்கு முன்னால் வாங்க வேண்டியவை காற்றின் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் காட்டும் இரண்டு சிறிய ஈரப்பதமானிகள். ஒன்று நனைந்த அறைக்கு, மற்றது வெளியே நிழலில். ஜன்னலைத் திறப்பதா சாத்துவதா என்பதை அவை இரண்டும்தான் சொல்லும். அந்த முடிவு தப்பினால் எவ்வளவு பெரிய இயந்திரமும் ஊரிலுள்ள காற்றையெல்லாம் உலர்த்திக்கொண்டு நிற்கும்.

வாங்கிய அன்றே இரண்டையும் சோதித்துவிடுவது நல்லது. ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறுபோலக் குழைத்து, ஈரப்பதமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் 12 மணி நேரம் மூடி வைத்தால் 75% காட்ட வேண்டும். கூடுதலோ குறைவோ காட்டினால் அந்த வித்தியாசத்தை ஒட்டுத்தாளில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவிடலாம். விலை மலிந்தவை 5% வரை பிசகுவது சாதாரணம்.

சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம். காலையில் 24 டிகிரி, 85% என்றும் மதியம் 33 டிகிரி, 50% என்றும் காட்டினால் காற்று நன்றாகக் காய்ந்துவிட்டதாகத் தோன்றும். இரண்டு வேளையும் காற்றில் இருப்பது ஏறக்குறைய அதே 18 கிராம் தண்ணீர்தான். எனவே ஒப்பிட வேண்டியது பனிநிலையை, அதாவது நீராவி துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை. மனக்கணக்கு எளிது: நூறிலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து, ஐந்தால் வகுத்து, வந்ததை வெப்பநிலையிலிருந்து கழிக்க வேண்டும். 30 டிகிரி, 80% என்றால் பனிநிலை 26. ஈரப்பதம் 50%க்கு மேல் இருக்கும்வரை இந்தக் கணக்கு ஒத்துவரும். வெளியே உள்ள பனிநிலை உள்ளேயுள்ளதைவிட 3 டிகிரியாவது குறைவாக இருந்தால் ஜன்னலைத் திறக்கலாம். இல்லையென்றால் சாத்திவிட்டு இயந்திரத்தை ஓட்டுவதே வழி.

மழைக்காலத்தில்தான் இந்தக் கணக்கு அதிகம் கைகொடுக்கிறது. "காத்தாடட்டும்" என்று எல்லாக் கதவையும் திறந்துபோடுவது அப்போது பெரும்பாலும் கெடுதல். தேங்கிய நீரை இறைத்து, துடைத்து, நனைந்த மெத்தை, தரைவிரிப்பு, பஞ்சுக் காப்பு எல்லாவற்றையும் வெளியேற்றும் முதல் சில மணி நேரம் மட்டும் திறந்திருக்கலாம். பிறகு அறை அறையாக மூடி, கதவிடுக்கை பிளாஸ்டிக் தாளால் ஒட்டி, உள்ளே டீஹியூமிடிஃபையரை வைக்க வேண்டும். பூஞ்சணத்துக்கு 24 முதல் 48 மணி நேரமே போதும் என்பதால் வெயில் வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை.

பெட்டியில் அச்சிட்ட "ஒரு நாளைக்கு 20 லிட்டர்" என்பதை அப்படியே நம்பக்கூடாது. பல தயாரிப்பாளர்கள் அதை அளப்பது 30 டிகிரி, 80% சூழலில். அறை 27 டிகிரி, 60% அளவுக்கு இறங்கியதும் பாதியளவே வரும், அது பழுதல்ல. தொட்டி நிறைந்ததும் இயந்திரம் நின்றுவிடும், அதுவும் நடுராத்திரியில். முதல் நாளே வடிகுழாயை மாட்டி, குளியலறைத் தரைக்குச் சரிவாக விட்டுவிட வேண்டும். குழாய் எங்காவது மேல்நோக்கி வளைந்தால் தண்ணீர் திரும்பித் தொட்டிக்கே வரும். சுவர்க்காரை தூள் பறக்கும் வீட்டில் வடிகட்டியை இரண்டு நாளுக்கொருமுறை கழுவாவிட்டால் காற்றோட்டம் குறைந்து, நல்ல வெப்பநிலையிலும் காற்றைக் குளிர்விக்கும் உட்சுருளில் பனி படரும்.

ஏசியின் உலர் முறை மாற்றாகுமா? ஓரளவுக்குத்தான். அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸர் ஓய்ந்துவிடும். அதோடு நீர் எடுப்பதும் நின்றுபோகும். குளிர்ந்த சுவர் மெதுவாகவே காயும். அலமாரியில் வைக்கும், ஈரம் உறிஞ்சும் உப்புத்தூள் டப்பாக்கள் சில நூறு மில்லிலிட்டரோடு சரி. ஊறிய சுவருக்கு அவை யானைப்பசிக்குச் சோளப்பொரி.

மின்விசிறியின் பயனும் காலத்தோடு மாறுகிறது. மேற்பரப்பு பளபளவென்று நனைந்திருக்கும் முதல் நாட்களில் சுவரை ஒட்டிச் சாய்வாக அடிக்கும் காற்றே பெரும்பாதி வேலையைச் செய்கிறது. மேலே காய்ந்து, செங்கல்லின் உள்ளிருந்து ஈரம் ஊர்ந்து வரும் கட்டத்தில் விசிறியை இரட்டிப்பாக்கிப் பயனில்லை. அப்போது காற்றின் ஈரப்பதத்தை 40 முதல் 50%க்குள் பிடித்து வைப்பதுதான் ஈரத்தை வெளியே இழுக்கும். பலர் இந்தக் கட்டத்தில்தான் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறார்கள்.

வறண்ட கோடையில் ஜன்னலும் விசிறியும் போதும். மூடிய அறையில் இயந்திரத்தை ஓட்டினால் அது விடும் சூட்டில் அறை 35 டிகிரியைத் தாண்டும். பல மாடல்கள் அந்த அளவில் தாமாகவே நின்றுவிடும். கோடையின் ஆபத்து வேறு: மேல்பூச்சு இரண்டே நாளில் வெளுத்து, காய்ந்ததுபோல் நடிக்கும். அதை நம்பிப் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளமாகக் கிளம்பும். புழுக்கமான கோடையில் நிலவறையைத் திறப்பதும் தவறு. வெளிக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டு வியர்க்கும். பார்ப்பவர்கள் அதைக் கசிவு என்று நினைத்துச் சுவரை உடைப்பதும் உண்டு.

குளிர்காலத்தில், சுருளைக் குளிரவைத்து ஈரத்தை எடுக்கும் கம்ப்ரஸர் வகை டீஹியூமிடிஃபையர் தடுமாறும். 15 டிகிரிக்குக் கீழே சுருளில் பனிக்கட்டி கட்டும், அதை உருக்கவே பாதி நேரம் போகும். ஈரம் உறிஞ்சும் பொருளாலான சக்கரத்தைச் சுழற்றும் உறிஞ்சுசக்கர வகை அங்கே நன்றாக உழைக்கிறது. மின்சாரம் அதிகம் இழுக்கும், ஆனால் அந்தச் சூடு அறைக்கே பயன்படுகிறது. கடுங்குளிர் ஊர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: 5 டிகிரி, 90% வெளிக்காற்றை உள்ளே விட்டு 20 டிகிரிக்குச் சூடாக்கினால் அது 35% காற்றாகிவிடும். பத்து நிமிடம் எல்லா ஜன்னலையும் திறந்து, பிறகு சாத்திச் சூடாக்குவதை நாளுக்கு நான்கைந்து முறை செய்தால் இயந்திரம் இல்லாமலே வேலை நடக்கும். சூட்டுக்கு மின் ஹீட்டர் மட்டும்தான். மண்ணெண்ணெய் ஒரு லிட்டர் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரும் நீராவியாக அறைக்குள் சேரும். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு ஆபத்து வேறு.

எப்போது நிறுத்துவது என்பதற்கு, மரத்திலோ சுவரிலோ குத்தி ஈரத்தை அளக்கும் ஊசி வகை ஈரமானி உதவும். அதன் சதவீதம் மரத்துக்கு மட்டுமே பொருந்தும். 20%க்கு மேல் என்றால் ஆபத்து, 15க்கு அருகே வந்தால் நிம்மதி. செங்கல் சுவரில் அந்த எண்ணுக்குப் பொருளில்லை. நனையாத சுவரில் குத்திப் பார்த்து அதோடு ஒப்பிடலாம். உப்பு பூத்த சுவரில் அதையும் நம்ப முடியாது. உப்பு மின்சாரத்தைக் கடத்துவதால் காய்ந்த பின்னும் ஈரம் என்றே சொல்லும். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டியெடுக்க வேண்டும். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போகும்.

தரைக்கும் சுவருக்கும் கடைசிச் சோதனை ஒன்று உண்டு. 45 சென்டிமீட்டர் சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் இடைவெளியின்றி ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்க்க வேண்டும். அடியில் துளி படிந்தாலோ இடம் கறுத்தாலோ பெயிண்டைத் தள்ளிப்போட வேண்டியதுதான். கனத்த சுவர் முழுதாகக் காய மாதக் கணக்கில் இழுக்கும். உப்பிய கதவையும் அதுவரை இழைக்கக்கூடாது. ஈரத்தில் இழைத்த கதவு காய்ந்ததும் சுருங்கி, கோடையில் விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டு நிற்கும்.