தெருவுக்கு ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டர்: பெருந்தொற்றுக் காலத்துக் கருவி ஒன்றின் மதிப்புரை

விரல் நுனியில் மாட்டிக்கொண்டால் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரைப் பற்றி எழுதப்படும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை, பெட்டியைப் பிரித்து, பேட்டரி போட்டு, திரையில் 98 என்ற எண் தெரிந்தவுடன் ஐந்து நட்சத்திரங்களைக் கொடுத்துவிட்டு முடிந்துவிடுகின்றன. நலமாக இருக்கும் ஒருவர் ஒருமுறை விரலை நீட்டிப் பார்ப்பதை வைத்து இந்தக் கருவியை எடைபோட முடியாது. காய்ச்சல் கண்ட வீட்டில், நள்ளிரவில், பயந்துபோன மனிதர்களின் கையில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதுதான் கேள்வி. 2021ஆம் ஆண்டின் கொரோனா இரண்டாம் அலையில், சென்னைப் புறநகரில் உள்ள எங்கள் தெருவில், பல வீடுகளுக்குப் பொதுவாக இருந்த ஒரு கருவியின் அனுபவத்தை வைத்து இதை எழுதுகிறேன். வீட்டுக்கு ஒன்றாக அலமாரியில் கிடந்த கருவிகளைவிட, பொறுப்பான ஒருவரின் கையில் தெருவுக்கு ஒன்றாக இருந்த அந்தக் கருவிதான் அதிகம் உதவியது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

அன்றைய நிலைமையை நினைவுபடுத்திக்கொண்டால்தான் இதன் அருமை புரியும். மே 10 முதல் தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. 21ஆம் தேதி ஒரே நாளில் பதிவான புதிய தொற்றுகள் 36 ஆயிரத்தைத் தாண்டின. 24ஆம் தேதியிலிருந்து மளிகைக் கடைகளும் மூடப்பட்டு, காய்கறி வண்டிகள் மட்டும் தெருவுக்குள் வந்தன. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையின் வளாகத்தில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் காத்து நின்றதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் ஒவ்வொரு வீட்டிலும் எழுந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நாம் வீட்டிலேயே இருக்கலாமா, மருத்துவமனைக்கு ஓட வேண்டுமா? தேவையில்லாமல் ஓடினால், உண்மையில் மூச்சுத் திணறும் இன்னொருவரின் படுக்கையை நாம் அடைத்துக்கொள்வோம். ஓட வேண்டிய நேரத்தில் ஓடாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அந்தக் கேள்விக்கு முழு விடையாக இல்லாவிட்டாலும், நம்பிப் பிடித்துக்கொள்ளக்கூடிய ஓர் எண்ணை இந்தக் கருவி தந்தது.

கருவியின் அடிப்படை எளிமையானது. ஒரு பக்கம் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் செலுத்துகிறது. மறுபக்கத்தில் உள்ள உணரி, எந்த ஒளி எவ்வளவு கடந்து வந்தது என்று பார்க்கிறது. இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் புரதம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் அகச்சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சும். ஆக்சிஜன் இல்லாதது சிவப்பு ஒளியை அதிகம் உறிஞ்சும். விரலில் தோலும் சதையும் எலும்பும் இருக்கும்போது தமனியில் ஓடும் இரத்தத்தை மட்டும் எப்படிப் பிரித்தறிவது என்பதுதான் கடினமான பகுதி. நாடித் துடிப்போடு சேர்ந்து கூடிக் குறைகிற அளவை மட்டும் பிரித்தெடுத்தால் போதும் என்று ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தார். உலகமே அவருடைய கண்டுபிடிப்பைத் தேடி அலைந்துகொண்டிருந்த 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், 84ஆவது வயதில் அவர் காலமானார். அந்தச் செய்தி நம் ஊரில் அதிகம் பேசப்படவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் கருவி சாதாரணமானது. துணி மாட்டும் கிளிப்பைப் போன்ற வடிவம், உள்ளே மெத்தென்ற ரப்பர், மேலே சிறிய திரை, ஒற்றைப் பொத்தான். விரலை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஆக்சிஜன் அளவும் நாடித் துடிப்பும் தெரியும். நாடியோடு ஏறி இறங்கும் ஒரு சிறு கோடும் ஓரத்தில் துடிக்கும். விரலை எடுத்தால் சில நொடிகளில் தானாக அணைந்துவிடும். திரையின் எண்கள் பெரிதாகவும் பளிச்சென்றும் இருந்ததால், கண்ணாடி போடாமலே பாட்டிமார்கள் படித்துச் சொன்னார்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால், தனிமைப்படுத்தப்பட்ட அறைக்குள் ஒருவர் தானே பார்த்துத் தானே சொல்ல வேண்டியிருக்கும்போது இதைவிட முக்கியமான அம்சம் வேறில்லை.

இனி, அதைப் பகிர்ந்துகொண்ட விதத்துக்கு வருகிறேன். கோடி வீட்டில் இருக்கும் அக்கா, அரசு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கருவி அவர் பொறுப்பில்தான் இருந்தது. ஒரு மஞ்சள் பைக்குள் கருவி, மாற்று பேட்டரி, பஞ்சு, சிறு ஸ்பிரிட் பாட்டில், எப்படிப் பார்க்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிய ஒரு தாள் ஆகியவை இருக்கும். காய்ச்சல் கண்ட வீட்டின் கேட்டில் ஒரு கல்லூரித் தம்பி அந்தப் பையை மாட்டிவிட்டு, போனில் சொல்லிவிட்டு, விலகி நிற்பான். வீட்டில் இருப்பவர் அளவைப் பார்த்து, ரப்பர் பகுதியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, உலரவிட்டு, மறுபடியும் பையில் வைத்துக் கேட்டில் மாட்டுவார். அடுத்த வீட்டுக்குப் போகும் முன் அக்கா இன்னொரு முறை துடைப்பார். சானிட்டைசரைக் கருவியின் மேல் நேரடியாக ஊற்றக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். உள்ளே ஈரம் இறங்கினால் உணரி கெட்டுவிடும்.

“சாச்சுரேஷன் எவ்வளவுப்பா?” என்று ஆக்சிஜன் அளவைப் போனில் கேட்பார். “96 காட்டுதுக்கா” என்றால், உடனே நாடித் துடிப்பைக் கேட்பார், பிறகு காய்ச்சல், பிறகு “கஞ்சி குடிச்சியா?” எல்லாவற்றையும் கோடு போட்ட ஒரு நோட்டில் வீட்டுவாரியாக, நேரத்தோடு குறித்துக்கொள்வார். ஒற்றை எண்ணைப் பார்த்துப் பதறாமல், நேற்று காலையில் எவ்வளவு, இன்று எவ்வளவு என்று போக்கைப் பார்க்க அந்த நோட்டுதான் உதவியது. மலிவு விலைக் கருவிகளில் இரண்டு புள்ளிகள் கூடவோ குறையவோ காட்டுவது இயல்பு என்பதால், போக்கைப் பார்ப்பதே சரியான முறையும்கூட.

காலை, மதியம், இரவு என மூன்று வேளைகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்பது அக்கா வைத்த விதி. எண் குறைந்து வருபவர்களுக்கும் முதியவர்களுக்கும் மட்டும் விதிவிலக்கு உண்டு. இந்தக் கருவியின் பெரிய ஆபத்து எதுவென்று கேட்டால், அது கையிலேயே இருப்பதுதான் என்பேன். சொந்தமாகக் கருவி வாங்கிய வீடுகளில் சிலர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாட்டிப் பார்த்து, 97 என்பது 96 ஆனதற்கே தூக்கம் இழந்தார்கள். அதே மனிதர்கள், எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தபின் அடங்கிப் படுத்தார்கள்.

பணிக்காக வெளியூரிலிருந்து வந்து தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்த ஓர் இளம்பெண்ணுக்குத் தொற்று உறுதியானது. ஓர் இரவில் மூச்சு போதவில்லை, கை மரத்துப்போகிறது என்று அழுதபடி அழைத்தார். பை போனது. ஆக்சிஜன் 98, நாடித் துடிப்பு 120. நுரையீரலுக்குப் போதுமான காற்று போகிறது, பயத்தால் வேகவேகமாக மூச்சு வாங்குவதால்தான் கை மரக்கிறது என்று அக்கா விளக்கினார். கருவியைக் கழற்றாமல் விரலிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லி, மெதுவாக மூச்சை வெளியே விட வைத்து, அவருடைய அம்மாவைப் பற்றியும் ஊரைப் பற்றியும் விசாரித்துக்கொண்டே இருந்தார். நாடித் துடிப்பு நூறுக்குக் கீழே இறங்கிய பிறகுதான் போனை வைத்தார். எல்லோரும் முதல் எண்ணையே பார்க்கும் இந்தக் கருவியில், இரண்டாவது எண்ணின் மதிப்பை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

இதற்கு நேர்மாறானது மாடி வீட்டு ஐயாவின் நிலை. எழுபதைத் தாண்டியவர். “எனக்கு ஒண்ணுமில்லம்மா, பசிதான் எடுக்கலை” என்று தெளிவாகப் பேசினார். மூச்சுத் திணறல் சிறிதும் இல்லை. கொரோனாவில் சிலருக்கு, உடல் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும்போதே ஆக்சிஜன் இறங்கிவிடும் என்பதால்தான் வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கு இந்தக் கருவியைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021 ஜனவரியில் பரிந்துரைத்தது. ஐயாவுக்கு உட்கார்ந்திருக்கையில் 95 இருந்தது. அறைக்குள்ளேயே சில நிமிடங்கள் நடந்துவிட்டுப் பார்க்கச் சொன்னபோது 91. அக்கா இரண்டாவது விரலிலும் பார்க்கச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டு, 108ஐ அழைத்தார். குப்புறப் படுத்தால் ஆக்சிஜன் ஏற உதவும் என்பதால், வண்டி வரும்வரை ஐயா அப்படியே படுத்திருந்தார். அதற்குள் எதிர்வீட்டுக்காரர்கள் ஆதார் நகல், மாத்திரைச் சீட்டு, போன் சார்ஜர், துண்டு, இரண்டு தண்ணீர் பாட்டில் என்று ஒரு பையைத் தயாராக வாசலில் வைத்துவிட்டார்கள். யாரும் கூச்சலிடவில்லை. ஐயா நலமாகத் திரும்பி வந்தார்.

எண்களைப் பொறுத்தவரை, மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதலையே அக்கா பின்பற்றினார்: 94க்குக் குறையாமல் இருந்தால் வீட்டிலேயே கவனிப்பு, 90 முதல் 93 வரை என்றால் மருத்துவமனை, 90க்குக் கீழே என்றால் தீவிர நிலை. காய்ச்சல் விடாமல் அடித்தாலோ, பேச்சு குழறினாலோ, எண் நன்றாக இருந்தாலும் மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கை குளிர்ந்திருந்தால் கருவி தடுமாறும். ஏசி அறையிலிருந்த ஒருவருக்கு 88 காட்டி வீடே கலங்கியது, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கியபின் 96 வந்தது. நகப்பூச்சை நீக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மருதாணி அடர்ந்திருக்கும் விரலைத் தவிர்ப்பது நல்லது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் அசையாமல் வைத்து, எண் நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும். இவற்றைவிடத் தீவிரமான குறை ஒன்று உண்டு. கருமையான தோல் உள்ளவர்களுக்கு உண்மையான அளவைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது அமெரிக்காவில் 2020 டிசம்பரில் வெளிவந்த ஆய்வில் தெரியவந்தது. கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவு கருவியின் கண்ணில் படாமல் தப்புவது, வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. நம் நாட்டில் விற்கும் கருவிகளின் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கையாவது அச்சிட வேண்டும். 94க்கும் 95க்கும் இடையில் ஊசலாடும் எண்ணை நல்ல எண் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவே காரணம்.

போலிகளும் வந்தன. தெருவில் இன்னொரு வீட்டினர் தட்டுப்பாட்டு நேரத்தில் அதிக விலை கொடுத்து வாங்கிய ஒரு கருவி, பென்சிலை மாட்டினாலும் 97 என்று காட்டியது. உயிர் பயத்தில் இருப்பவர்களிடம் இப்படி ஒரு பொருளை விற்பதை மன்னிக்க முடியாது. விரலை வைத்தே ஆக்சிஜன் அளப்பதாகச் சொல்லும் கைப்பேசிச் செயலிகளையும் நம்ப வேண்டாம். புதிதாக வாங்கினால், நாடித் துடிப்பைக் கடிகாரத்தோடு நீங்களே எண்ணிக் கருவியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில நொடிகள் மூச்சை அடக்கி, எண் குறைகிறதா என்று பார்ப்பதைவிட இது நல்ல சோதனை.

விலை இன்று பெரிய தடையில்லை. இரண்டாம் அலையில் தாறுமாறாக ஏறிய விலை, 2021 ஜூனில் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகத் தற்காலிகமாகக் குறைக்கப்பட்டபின்னும், ஜூலையில் வணிக இலாபத்துக்கு 70 சதவீத உச்சவரம்பு விதிக்கப்பட்டபின்னும் இறங்கியது. நீண்டகால நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவர் சொன்னால் சொந்தமாக வாங்கலாம். மற்றவர்கள், அடுக்ககத்துக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று நல்ல தரத்தில் வாங்கி, அது யாரிடம் இருக்கும், எந்த எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதை இப்போதே எல்லா வீட்டுக்கும் சொல்லிவைப்பது மேல். பயன்படுத்தாத மாதங்களில் பேட்டரிகளைக் கழற்றித் தனியாக வையுங்கள்; உள்ளேயே விட்டால் கசிந்து முனைகள் அரித்துவிடும்.